ஒரே வைரஸ், ஊருக்கொரு முகம் ஏன்?

மாணவ நண்பர்களே! சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் நாவலூர், அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் படூர், அதற்கப்பால் கேளம்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக வரும். 2022ஆம் ஆண்டு மே மாதம் இந்த நாவலூரின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. கொரோனா வைரசின் ஓமிக்ரான் வகையைச் சேர்ந்த 'பி.ஏ.4' என்னும் புதிய உட்பிரிவு, தமிழ்நாட்டில் முதன்முதலாக அங்கே வசித்த ஒருவரிடம் கண்டறியப்பட்டது. அந்த உட்பிரிவு முதலில் அறியப்பட்டதோ, அதே ஆண்டு ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில்! நாவலூரில் தொற்றுக்கு ஆளானவரோ வெளிநாடு எதற்கும் சென்று வந்தவர் அல்லர்.

இதைப் படித்த உங்களுக்குப் பல கேள்விகள் எழுந்திருக்கும். ஒரு வைரஸ் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு வடிவில் காணப்படுவது ஏன்? அந்தந்த ஊரின் வெயிலும் தண்ணீரும் சாப்பாடும் அதை மாற்றிவிடுகின்றனவா? ஓர் ஊரில் ஒரு வகை பெருகிக் கிடந்தால், அது மற்ற வகைகளைவிடக் கொடியது என்று பொருளா? இவற்றுக்கு விடை காண முயல்வோம். எங்கோ ஒரு மூலையிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் வேண்டிய விடை அல்ல இது. தவறான விடையை நம்பியதால் மனிதர்கள் அல்லல்பட்ட கதையையும் பின்னால் காணப் போகிறீர்கள்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்

முதலில் வைரசின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொரோனா வைரசுக்குள் ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு ஒன்று சுருண்டு கிடக்கிறது. வைரசைச் செய்வதற்கான குறிப்பு முழுவதும் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகள் நான்கே: ஏ, யூ, ஜி, சி. 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து வெளியிடப்பட்ட பிரதியில் மொத்தம் 29,903 எழுத்துகள் இருந்தன. நீங்கள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் நாற்பது பக்க நோட்டில், பக்கத்துக்கு எழுநூற்றைம்பது எழுத்து வீதம் எழுதினால் இந்தக் குறிப்பு அதில் அடங்கிவிடும்.

வைரஸ் நம் உடலின் செல்லுக்குள் நுழைந்ததும் இந்த நோட்டைப் பார்த்து ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கப்படுகின்றன. வேகமாகப் பார்த்து எழுதும்போது உங்களுக்கு எழுத்துப்பிழை வருவதில்லையா? இங்கும் வருகிறது. அந்தப் பிழைக்குத்தான் சடுதி மாற்றம் என்று பெயர். கொரோனா வைரசிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. ஆகவே இன்ஃபுளுவென்சா வைரசைக் காட்டிலும் இதில் பிழைகள் குறைவு. அப்படியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எனத் தொடர்ந்து செல்லும் சங்கிலி ஒன்றில், மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துகள் மாறி நிலைத்துவிடுகின்றன.

எல்லாப் பிழைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஆர்.என்.ஏ. எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். வைரசின் மேற்பரப்பில் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில், 440ஆவது இடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது 'ஏஏயூ'. இதன் பொருள் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம். கடைசி எழுத்து மாறி 'ஏஏசி' ஆனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! அதுவும் அஸ்பராஜினையே குறிக்கும். இத்தகைய மாற்றத்தை 'மௌன மாற்றம்' எனலாம். அதே எழுத்து 'ஏஏஜி' என்று மாறினால், லைசின் என்னும் வேறு அமினோ அமிலம் வந்து அமரும். முள்ளின் மின்னூட்டமும் வடிவமும் சற்றே மாறும். இந்த மாற்றத்தை விஞ்ஞானிகள் 'என்440கே' என்று குறிக்கின்றனர். 'என்' பழைய அமிலம், 'கே' புதிய அமிலம், 440 இடத்தின் எண். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம்: முந்தி வந்தவர் யார்?

இப்போது உங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. முப்பது சொற்கள் கொண்ட கடினமான வாக்கியம் ஒன்றை ஒவ்வொரு வரிசையின் முதல் மாணவனுக்கும் கொடுங்கள். அவன் அதைப் பார்த்து வேகமாக எழுதி, தான் எழுதியதை மட்டும் பின்னால் இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் அதைப் பார்த்து எழுதி அடுத்தவனுக்கு. கடைசியில் எல்லாத் தாள்களையும் சேகரித்துப் பாருங்கள். முதல் வரிசையில் ஒரு வகைப் பிழைகளும், மூன்றாம் வரிசையில் வேறு வகைப் பிழைகளும் இருக்கும். ஒரு வரிசையில் இரண்டாம் மாணவன் செய்த பிழை, அவனுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேர் தாளிலும் இருக்கும்.

ஜன்னலோர வரிசையின் பிழைக்கு ஜன்னல் காற்றுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? அந்த வரிசையின் தொடக்கத்தில் யார் என்ன பிழை செய்தார் என்பதுதான் காரணம். நோய் பரவும்போதும் இதுவே நிகழ்கிறது. ஓர் ஊருக்குள் முதலில் வந்து சேர்ந்த ஒரு சிலரிடம் எந்தப் பிரதி இருந்ததோ, அதன் பிழைகளே அந்த ஊர் முழுவதற்கும் முத்திரையாகிவிடும். இதனை 'நிறுவனர் விளைவு' என்பர்.

இதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்தியாவில் சேகரித்த 361 வைரஸ் மாதிரிகளின் எழுத்து வரிசையை, ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது மாதிரிகளில் நான்கு குறிப்பிட்ட பிழைகள் சேர்ந்தே காணப்பட்டன. 'ஏ3ஐ' என்று பெயரிடப்பட்ட இந்தக் கூட்டம் உலகின் பிற பகுதிகளில் அரிதாகவே இருந்தது. இங்கோ தெலங்கானா, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், தில்லி ஆகிய இடங்களில் மிகுந்திருந்தது. அந்த நான்கு பிழைகளில் ஸ்பைக் புரதத்தில் விழுந்தது ஒன்றே. அதுவும் மௌன மாற்றம்! ஆகவே முள்ளின் வலிமையால் அது பெருகியதென்று சொல்ல இடமில்லை. ஒரே மூலத்திலிருந்து கிளம்பி, கூட்டம் கூடிய இடங்களின் வழியாகப் பல மாநிலங்களுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஓர் இடத்திலிருந்து ஒரு பிரதி எப்படிப் பல ஊர்களுக்குப் போகும் என்பதற்குக் கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் இறுதியில் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் தொற்று பரவியது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்களும் வியாபாரிகளும் லாரிகளில் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். அச்சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் மாநிலத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டின. சந்தையில் அன்று எந்தப் பிரதி இருந்ததோ, அதுவே இந்த மாவட்டங்களின் பல கிராமங்களுக்கும் 'நிறுவனர்' ஆகியிருக்கும். அரியலூர் மண்ணுக்கும் அந்தப் பிழைக்கும் எந்தச் சம்பந்தமும் இராது!

இரண்டாம் காரணம்: வலிமை

அப்படியானால் எல்லாமே தற்செயல்தானா? இல்லை. சில பிழைகள் வைரசுக்கு உதவிவிடுகின்றன. ஸ்பைக் புரதத்தின் 614ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாகக் கிளைசின் வந்தமர்ந்த மாற்றம் ஒன்று 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருகத் தொடங்கியது. இதற்கு 'டி614ஜி' என்று பெயர். ஒரே ஓர் எழுத்தின் மாற்றம்தான். ஆனால் இந்த மாற்றம் கொண்ட வைரஸ், போன இடமெல்லாம் பழையதை ஓரம் கட்டியது. இந்தியாவிலும் 2020ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள் நம் 'ஏ3ஐ' கூட்டத்தை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சிறிய வலிமை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 நோயாளிகளில் 99 பேரிடம் பழைய வகையும் ஒருவரிடம் புதிய வகையும் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து நாளுக்கு ஒருமுறை நோய் அடுத்தவருக்குத் தாவுகிறது என்றும், புதியது பழையதைப் போல் ஒன்றரை மடங்கு பேருக்குத் தாவுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் புதியதற்கும் பழையதற்கும் உள்ள விகிதம் 1:99. ஒவ்வொரு ஐந்து நாளிலும் இந்த விகிதம் ஒன்றரை மடங்காகும். பன்னிரண்டு சுற்றுகளில் 1.5ஐப் பன்னிரண்டு தடவை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 130 வரும். ஆக விகிதம் 130:99. அதாவது அறுபதே நாளில் புதிய வகை பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறது! இது கற்பனைக் கணக்குதான். ஆயினும் உண்மை நிகழ்ச்சிகள் இதே போக்கில்தான் நடந்தன.

ஒரு நாடு, மூன்று முகங்கள்

இனி 2021 மார்ச் மாதத்து இந்திய வரைபடத்தை மனக்கண் முன் விரியுங்கள். பஞ்சாபிலிருந்து ஆய்வுக்குச் சென்ற 401 மாதிரிகளில் நூற்றுக்கு 81 வீதம், பிரிட்டனில் முதலில் அறியப்பட்ட வகை (பின்னாளில் ஆல்பா) இருந்தது. மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கு 15 முதல் 20 மாதிரிகளில், ஸ்பைக்கின் 452, 484ஆம் இடங்களில் இரு மாற்றங்கள் சேர்ந்திருந்தன. தெலங்கானாவில் 104 மாதிரிகளில் 53இல், நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 'என்440கே' இருந்தது. ஆந்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் அது காணப்பட்டது. கேரளத்திலோ 2,032 மாதிரிகளில் 123இல் மட்டுமே.

இவற்றுள் எது வலியது, எது வெறும் அதிர்ஷ்டசாலி? ஓர் ஊரை மட்டும் பார்த்தால் இதற்கு விடை சொல்லவே முடியாது. நாணயத்தை ஒருவன் மூன்று தடவை சுண்டி மூன்றும் தலையாக விழுந்தால், அது கள்ள நாணயம் என்று சொல்லிவிடுவீர்களா? பத்துப் பேரிடம் கொடுத்து, பத்துப் பேர் கையிலும் தலையாகவே விழுந்தால்தான் சந்தேகம் வலுக்கும். வைரசுக்கும் இதே சோதனைதான். அதிர்ஷ்டத்தால் பெருகியது ஓர் ஊரில் ஜெயிக்கும். வலிமையால் பெருகுவது போகும் ஊரிலெல்லாம் ஜெயிக்கும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சோதனை தானாகவே நடந்தது. மகாராஷ்டிரத்தில் கண்ட அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையான 'பி.1.617.2', அதாவது டெல்டா, மற்ற மாநிலங்களுக்குள் நுழைந்தது. தில்லியில் ஆல்பாவை முந்தியது. தெற்கே என்440கே வகையை முந்தியது. தமிழ்நாட்டின் இரண்டாம் அலையிலும் அதுவே முதன்மை வகித்தது. பிறகு ஆல்பா முதலில் அறியப்பட்ட பிரிட்டனிலேயே ஆல்பாவைத் தோற்கடித்தது. டெல்டா வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் இந்தச் சான்று முழுமையாகக் கைக்கு வருமுன் ஒரு விபரீதம் நடந்தது. என்440கே கொண்ட வைரஸ் ஆய்வுக்கூடத்துச் செல்களில் பழைய வகையைவிட அதிகமாகப் பெருகியது என்று ஓர் ஆய்வு கூறியிருந்தது. அது செய்தியாகி, 'ஆந்திர வைரஸ்' என்ற பெயரோடு ஊரெங்கும் பரவியது. 2021 மே 6ஆம் தேதி, ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து தில்லிக்கு வருவோர் பதினான்கு நாள் தனிமையில் வைக்கப்பட வேண்டும் என்று அங்கே ஆணை பிறந்தது. தடுப்பூசிச் சான்றோ பரிசோதனைச் சான்றோ உடையவர்களுக்கு மட்டும் ஓரளவு தளர்வு இருந்தது. அதே நாட்களில்தான் ஹைதராபாத் விஞ்ஞானிகள், அந்த வகை தேய்ந்து மறைந்து வருவதாக எடுத்துக் கூறிக்கொண்டிருந்தனர். தில்லியில் அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டாவோ யாருடைய ஊர்ப் பெயரையும் பார்த்துப் பரவவில்லை!

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. அதே என்440கே மாற்றம், 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஓமிக்ரானில் வேறு பல மாற்றங்களோடு சேர்ந்து மீண்டும் தோன்றியது! இதற்கும் ஆந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. தனியாக நேர்ந்த பிழை. இதேபோல 501ஆவது இடத்தில் நேர்ந்த ஒரே மாற்றம் பிரிட்டனின் ஆல்பா, தென்னாப்பிரிக்காவின் பீட்டா, பிரேசிலின் காமா ஆகிய மூன்றிலும் தனித்தனியே தோன்றியது. நம் விளையாட்டில் மூன்று வரிசைகளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை வந்து நிலைத்தால், அந்தப் பிழையால் ஏதோ பயன் இருக்கிறது என்று ஊகிக்கலாம் அல்லவா? வலிமையைக் கண்டுபிடிக்க இது இரண்டாவது சோதனை. ஆயினும், தனி ஓர் எழுத்தை வைத்து ஒரு வகையின் கதியை நிர்ணயித்துவிட முடியாது. கூட இருக்கும் எழுத்துகளும், அது வந்து சேரும் காலமும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன.

மூன்றாம் காரணம்: ஊராரின் உடல்

காலம் என்றோமே, அது என்ன? ஒரு வகை வந்து போன ஊரில் மக்கள் உடலில் அதற்கு எதிரான பாதுகாப்பு உருவாகிவிடுகிறது. தடுப்பூசியும் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே அடுத்து வரும் வைரஸ் வெற்று மைதானத்தில் ஓடுவதில்லை. தடைகள் வைத்த மைதானத்தில் ஓடுகிறது. தடைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓமிக்ரானின் பி.ஏ.1 பெரும் அலையை எழுப்பியது. இந்தியாவிலோ விரைவில் பி.ஏ.2 முதன்மை பெற்றது. அதே ஆண்டின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பி.ஏ.5 கோலோச்சியபோது, இந்தியாவில் பி.ஏ.2.75 என்ற வேறு உட்பிரிவு மேலோங்கியது. நாவலூரில் கண்ட பி.ஏ.4, இங்கே பெரும் அலை எதையும் எழுப்பவில்லை. ஓர் ஊரில் ஜெயித்த ஓட்டக்காரன் எல்லா மைதானத்திலும் ஜெயிப்பான் என்று சொல்வதற்கில்லை!

தேடியவருக்கே தெரியும்

இன்னும் ஒன்று. வைரசின் எழுத்துகளைப் படிக்க அதற்கென்றே கருவிகள் வேண்டும். சில கருவிகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிரும் சாயம் சேர்க்கப்படுகிறது. எழுத்து ஒவ்வொன்றாகச் சேரச் சேர, தோன்றும் நிறத்தைக் கேமரா படம் பிடிக்கிறது. வகுப்பில் நீங்கள் படிக்கும் ஒளியியல் இங்கே மருத்துவத்துக்குத் துணை நிற்பதைக் கவனியுங்கள். இப்பணிக்காக 2020 டிசம்பரில் பத்து ஆய்வுக்கூடங்களை இணைத்து 'இன்சாகாக்' என்னும் கூட்டமைப்பு இந்தியாவில் தொடங்கப்பட்டது. அந்நாட்களில் தமிழ்நாட்டு மாதிரிகள் வெளிமாநில ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசின் ஆய்வகம் ஒன்று திறக்கப்பட்டது.

எங்கே படிக்கிறார்களோ அங்கேதான் புதிய வகை கண்ணில் படும். படிக்காத ஊரில் அது இருந்தாலும் தெரியாது. எனவே கண்டுபிடித்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாவுக்கு 'ஸ்பானிஷ் புளூ' என்று பெயர் வந்தது எப்படித் தெரியுமா? போரில் ஈடுபட்ட நாடுகளின் பத்திரிகைகளில் தணிக்கை இருந்தது. போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதின. உண்மையை எழுதிய நாட்டின் தலையிலேயே பழி விழுந்தது! இத்தகைய பழி நேராமலிருக்கவே, 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாக ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியது.

எத்தனை மாதிரி படித்தார்கள் என்பதும் முக்கியம். இயற்பியல் சோதனையில் அளவீட்டுப் பிழையைக் குறிக்காமல் விடை எழுதினால் மதிப்பெண் போய்விடும் அல்லவா? இங்கும் அப்படியே. எளிய விதி ஒன்று சொல்கிறேன்: மாதிரிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 1ஐ அதனால் வகுங்கள். பிழையின் அளவு பெரும்பாலும் அதற்குள் அடங்கும். 104 மாதிரிகளுக்கு 1/√104, அதாவது ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. ஆக தெலங்கானாவின் 51 சதவீதம், உண்மையில் 41க்கும் 61க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். பத்தே மாதிரி என்றால் பிழை நூற்றுக்கு 32! இதுவும், மாதிரிகளை மாநிலம் முழுவதிலும் இருந்து பாரபட்சமின்றி எடுத்திருந்தால்தான். ஒரே ஆஸ்பத்திரியின் ஒரே வார்டில் எடுத்தால் இந்த விதியும் உதவாது.

எனவே நண்பர்களே, புதிய வகை ஒன்று இன்ன ஊரில் பரவுகிறது என்று இனி எப்போது படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மாதிரிகளைப் படித்துச் சொல்கிறார்கள்? அது அந்த ஓர் ஊரில் மட்டும் பெருகுகிறதா, பல ஊர்களிலும் பெருகுகிறதா? அதே மாற்றம் வேறெங்கேனும் தனியாகத் தோன்றியிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அந்த ஊரின் பெயரை வைரசுக்கும், வைரசின் பெயரை அந்த ஊர்க்காரர்களுக்கும் சூட்டாதீர்கள். விடை கிடைத்த பிறகும் சூட்டாதீர்கள்! நாளை உங்கள் ஊர் ஆய்வுக்கூடம் விழிப்போடு இருந்து ஒரு புதிய வகையை முதலில் கண்டுபிடித்தால், அது உங்கள் ஊருக்குப் பெருமையே தவிர இழுக்கு அல்ல.

பார்த்தெழுதும் விளையாட்டை இந்த வாரமே உங்கள் வகுப்பில் நடத்திப் பாருங்கள். தாள்களைச் சேகரித்து, எந்தப் பிழை எந்த மாணவனிடம் தொடங்கி யார் யாருக்குச் சென்றது என்று ஒரு மரம்போல வரையுங்கள். ஒரு வரிசையிலுள்ள தாள் ஒன்றை நடுவில் வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு, அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பிழைகளை மட்டும் கொண்டு கண்டுபிடிக்க முடிகிறதா என்று முயலுங்கள். முடிந்தால், ஹைதராபாத்திலும் தேனாம்பேட்டையிலும் விஞ்ஞானிகள் செய்யும் வேலையின் அடிப்படை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.